புதுப்பால் ஒவ்வாமை

மருந்துப் பெட்டிகள் அச்சடிக்கும் அந்த ஆபீஸில் அன்று யாரும் வேலை பார்க்கவில்லை. மனத்தைப் படிக்கும் மகான் வந்திருந்தார்! வாசல் வரை வரிசை. மூன்று டிகிரி வாங்கிய கணக்காளர்கூடச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார். மூளையையும் அங்கேயே விட்டிருப்பார் போல.

மகான் கையில் நூலில் கட்டிய செப்புக் குண்டு. வலப்பக்கம் ஆடினால் நல்ல மனம். இடப்பக்கம் ஆடினால் அலையும் மனம், வேலை காலி. எல்லாம் மேனேஜரின் ஏற்பாடு.

“போன வாரம் நாம எழுதிக் கொடுத்த படிவத்தில இல்லாத எதையாவது சொன்னாரா?” என்று கேட்டது, பெட்டிகளில் எழுத்துப் பிழை பார்ப்பவர். ஆபீஸ் வைத்த பெயர் காற்றாடி. ஏ.டி.ஹெச்.டி., அதாவது கவனச்சிதறல் என்று டாக்டர் எழுதித் தந்திருக்கிறார். மீட்டிங்கை மறப்பார். மேஜையில் ஆறிப்போன டீ நான்கு கோப்பை நிற்கும். ஆனால், ஐந்து மில்லிகிராம் ஐம்பதாக அச்சாகப் போனதைப் பிடித்தவர் அவர்தான். அதை மேனேஜர் மறந்துவிட்டார். அந்த மறதிக்கெல்லாம் குண்டு ஆடாது.

காற்றாடி உட்கார்ந்ததும் குண்டு இடப்பக்கம் பாய்ந்தது. மகான் கண்ணை மூடினார்.

“வெள்ளையாத் தெரியுது... பால்! புதுப்பால் உனக்கு ஒத்துக்கல கண்ணு. அதான் மனசு அலையுது.”

கூட்டம் ‘ஆகா’ என்றது. காற்றாடிக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம்.

“நான் பாலே குடிக்கிறதில்ல சாமி! படிவத்தில ‘பால்’னு ஒரு கட்டம். ஆணா, பெண்ணான்னு கேக்குற கட்டம். அதுல ‘பால்புதுமையர்’னு எழுதினேன். அந்த ரெண்டுக்குள்ள அடங்காத நாங்க எங்களுக்கு வெச்சுக்கிட்ட பேரு. அந்தச் சொல்லு கிடைக்க எனக்கு முப்பது வருஷம் ஆச்சு. நீங்க அதைக் காய்ச்சிக் குடிச்சிட்டீங்க!”

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்.

“மேனேஜர் சார் படிவமே எழுதிக் கொடுக்கல. இன்னிக்குக் காலையில வீட்டுல எதுக்குத் திட்டு வாங்கினார்? அதை மட்டும் படிச்சுச் சொல்லுங்க.”

குண்டு அசையவில்லை. மகான் மேனேஜரை உற்றுப் பார்த்தார்.

“உள்ள... ஒண்ணுமே தெரியலையே.”

அன்று அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். எழுந்த அவசரத்தில் அவர் மடியிலிருந்து படிவங்கள் சரிந்தன. காற்றாடியின் படிவத்தில் ‘பால்’ என்பதன் கீழே சிவப்புக் கோடு.

மேனேஜர் காற்றாடியிடம் திரும்பினார். “நாளைக்கு... வழக்கம்போல வேலைக்கு வந்துடுங்க.”

“வர்றேன் சார். மீட்டிங் இருந்தா ஒரு வார்த்தை ஞாபகப்படுத்துங்க, போதும். அதுக்கு மகான் வேண்டாம்.”

மகான் விட்டுவிட்டு ஓடிய செப்புக் குண்டு இப்போது காற்றாடியின் மேஜையில், காகிதம் பறக்காமல் அழுத்திக்கொண்டிருக்கிறது. குண்டுக்கே உருப்படியான வேலை கிடைத்துவிட்டது. உங்கள் மூளைக்கு எப்போது?