புகழேந்தி கழித்துப் போட்ட கேள்விகள்

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அரக்கோணத்தில் இருக்கும் அன்புள்ள அக்கா பட்டம்மாளுக்கு, தம்பி வேலாயுதம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், என் ஒருவனைத் தவிர.

நம் சின்னத் தம்பி புகழேந்திக்கு ஆட்டிசம் என்று தெரிந்த நாள் முதல், முப்பது வருஷமாக அவனுக்குப் பதில் பேசுகிறவன் நான்தானே? போன வாரம் வேலூரில் ஆட்டிசத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் கூப்பிட்டார்கள். யாரை? அவனை! சோதித்துப் பார்க்க இல்லையாம், ஆராய்ச்சியில் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளவாம். நானும் கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு கூடவே போனேன். டாக்டர் ஜாஸ்மின் என்கிற அம்மா, "டீ சாப்பிடுறீங்களா?" என்று அவனைக் கேட்டார். வழக்கம்போல நான், "அவன் டீ குடிக்கமாட்டான் மேடம்" என்றேன். "அவரே சொல்லட்டுமே சார்" என்றார். இவன் இரண்டு கப் குடித்தான்! என்னை வெறுப்பேற்றத்தான், வேறென்ன?

அப்புறம் ஆட்டிசம் உள்ளவர்களிடம் கேட்கப்போகிற கேள்விகளைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். இவன்தான் ஃபேக்டரியில் பதினாலு வருஷமாகத் தோலைத் தரம் பிரிக்கிறவனாயிற்றே. காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தான், தடவினான், மடக்கிப் பார்த்தான், தோலில் ஓட்டையைச் சுற்றிப் போடுவது மாதிரியே கேள்விகளைச் சுற்றி வட்டம் போட்டு "ரிஜெக்ட்" என்று எழுதிவிட்டான். எனக்கு மானமே போய்விட்டது. "அவனுக்குத் தெரியாதுங்க, மன்னிச்சுக்கோங்க" என்று நான் எழுந்தால் இவன் சொல்கிறான்: "என்னால வீட்ல இருக்கறவங்களுக்கு இன்னா கஷ்டம்னு கேட்டிருக்கீங்க. எனக்கு இன்னா கஷ்டம்னு கேக்கல." அந்தம்மா பயபக்தியாக எழுதிக்கொள்கிறார்! பதினொரு கேள்விகளை அங்கேயே அடித்து நீக்கிவிட்டார்கள். இனிமேல் என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

அவன் பெயர் ஆராய்ச்சி செய்தவர்கள் வரிசையில் அச்சாகுமாம். கடைத்தெருவில் என்னைப் பார்த்து, "புகழேந்தியோட அண்ணனா நீங்க?" என்கிறார்கள். பொறாமையா என்று கேட்பாய். ஆமாம் அக்கா, வயிறு எரிகிறது. அவனே பேசிக்கொள்வான் என்றால் இனி நான் எதுக்கு? நீ உடனே புறப்பட்டு வந்து, "இந்த பேஜாரெல்லாம் உனக்கு வேணாம்டா" என்று அவனிடம் சொல். உன் பேச்சைத் தட்டமாட்டான்.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நூறு வயசு நல்லா இருக்கட்டும்.

உன் தம்பி,
வேலாயுதம்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் புகழேந்தி இதைப் படித்துவிட்டான். ஒரே ஒரு வட்டம்தான் போட்டிருக்கிறான், டீ என்று எழுதிய இடத்தில். ஓரத்தில்: "எனக்கு டீ புடிக்கும். நீ ஒரு நாளும் கேக்கல." முப்பது வருஷம், அக்கா! நீ வர வேண்டாம். இப்போதுதான் கேட்டேன். "சக்கரை கம்மியா" என்றான். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன்.