அமெரிக்கப் போனோடு ஒரு பெண் பார்க்கும் படலம்

அரைகுறைப் படிப்பு ஆபத்து என்பார்கள். நான் எலெக்ட்ரானிக்ஸை முழுசாகவே படித்தவள். என்னால் வந்த ஆபத்தும் முழுசாகவே வந்தது.

இரண்டாயிரங்களின் தொடக்கம். எனக்கு மலையாள தேசத்தில், கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை. அமெரிக்காவிலிருந்து வந்த அத்திம்பேர் (அக்கா புருஷன்) ஒரு செல்போன் தந்தார். கரமனையில் எங்கள் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

அந்த ஞாயிறு, திருநெல்வேலியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. காலையில் கோயில், பிறகு கிழக்கேகோட்டையில் ஏதோ லாட்ஜில் ஓய்வு. மூன்று மணிக்கு அவர்கள் போன் செய்ததும் அப்பா டாக்ஸி அனுப்புவார். நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் வந்தாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போனதில் அப்பா கலங்கியிருந்தார்.

"ஆத்து லேண்ட்லைன் நம்பரையே குடுத்துடட்டுமாடீ?"

"அந்தப் போன் எப்போ செத்துப்போகும்னு யாருக்குத் தெரியும்? என் மொபைல் நம்பரைக் குடுங்கோப்பா."

(சிம் கார்டு கையில் இருந்தது. போட்டுப் பார்க்கத்தான் தோன்றவில்லை.)

ஞாயிறு காலை போட்டேன். திரையில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. அவர்களோ ரயிலேறியாகிவிட்டது. நம் தெரு ஆற்றங்கரையில் இருப்பதால் சிக்னல் கம்மி என்று அப்பாவுக்கு விளக்கிவிட்டு மாடிக்கு ஏறினேன். பிறகு தெருமுனை. மூன்றரைக்குப் பட்டுப்புடவையோடு ஆட்டோ பிடித்து, கிழக்கேகோட்டையில் ஒரு டவரின் காலடியிலேயே போய் நின்று போனைத் தூக்கிக் காட்டினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். பக்கத்து மொபைல் கடைக்காரர் இரக்கப்பட்டுக் கூப்பிட்டார்.

"சேச்சி, இது அமெரிக்கா செட்டாணு. எண்ணூத்தம்பதும் ஆயிரத்தித் தொள்ளாயிரமும்தான் பிடிக்கும். இவிடத்தெ டவர் தொள்ளாயிரம், ஆயிரத்தெண்ணூறு மெகாஹெர்ட்ஸ்."

"உலகத்துக்கெல்லாம் ஒண்ணா வெச்சா என்னவாம்?"

"ஓரோ நாட்டிலயும் பட்டாளம், டிவின்னு அலைவரிசையை முன்னமே பங்கு வெச்சாச்சு. மிச்சம் கிடந்ததைத்தானே போனுக்குக் கொடுக்க முடியும்?"

எனக்கு ராகுகாலமே மறந்துபோனது. ஐரோப்பா? நம்மோடு சேர்த்தி. ஜப்பான்? அது தனிக்கட்சி. "எண் ஏற ஏறச் சுவரைத் தாண்டற சக்தி குறையும், இல்லையா?" என்று கடைக்காரரைக் குடைந்துகொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஓர் இளைஞர் துண்டுச்சீட்டை நீட்டினார்.

"சார், இந்த நம்பரை ஒரு மணி நேரமா அடிக்கறேன். மலையாளத்துல ஏதோ சொல்றா. என்ன அர்த்தம்?"

கடைக்காரர் தன் போனில் அடித்துக் கேட்டார். "பரிதிக்குப் புறத்தாணு. எல்லைக்கு வெளியே இருக்குன்னு சொல்றாங்க."

சீட்டில் அப்பாவின் கையெழுத்து, கடிதத்தோடு வைத்து அனுப்பியது.

"அது... என் நம்பர்தான்," என்றேன்.

அவர் என் பட்டுப்புடவையைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். சிரிக்காமலிருக்க அவர் பட்ட பாட்டில்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

ராகுகாலத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால், பின்சீட்டில், லாட்ஜில் ஏற்றிக்கொண்ட வருங்கால மாமனார் மாமியாருக்கு நடுவே நானும், டிரைவரை ஒட்டிக்கொண்டு மாப்பிள்ளையுமாக ஆட்டோவில் போய் இறங்கினோம். வாசலில் நின்ற அப்பா ஆட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மாமியார்தான், "பொண்ணை வர்ற வழியிலேயே பாத்தாச்சு, சொஜ்ஜியைக் கொண்டாங்கோ" என்றார்.

இன்றும் நான் எதையாவது படித்துக்கொண்டு, கூப்பிட்டால் காது கேளாமல் உட்கார்ந்திருந்தால், அவர் எங்கள் மகளிடம் சொல்வார்: "அம்மா பரிதிக்குப் புறத்தாணு. நேர்ல போய்த்தான் பிடிக்கணும். நான் அப்படித்தான் பிடிச்சேன்."