பிரெஞ்சுப் படத்துக்கு நான் சொன்ன கதை

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. எனக்குப் பாத்திருந்த பொண்ணோட அம்மாவையும் தாய்மாமனையும் மேட்னி படத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்.

எங்க ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரன் கொடியை எறக்கிட்டுப் போயி ரெண்டு வருஷம் இருக்கும். பத்திரம் எழுதற நொத்தேர் ஆபீஸ்ல கட்டு தூக்கற வேலை எனக்கு. தெரிஞ்ச பிரெஞ்சு, போன்ஜூர், மெர்சி. அப்புறம் மொதலாளி என்ன சொன்னாலும் "உய், முசியே", அதாவது "ஆமாங்கய்யா".

தரகர்கிட்ட மட்டும் "பிரெஞ்சு நமக்குத் தண்ணி பட்ட பாடு"ன்னு விட்டிருந்தேன். பக்கத்துல சாரம்கற ஊர்ல பொண்ணு. பாத்துட்டு வந்ததுலேர்ந்து எனக்குச் சோறே எறங்கல. அவங்கம்மாவுக்கோ பிரெஞ்சு தெரிஞ்ச மாப்ளதான் வேணுமாம்.

"ஒரு பிரெஞ்சுப் படம் பாக்கலாம் தம்பி. நீங்க கதை சொல்லிட்டே வாங்க"ன்னாரு மாமன்.

போஸ்டர்ல ஒருத்தன் கட்டில்ல தூங்கிட்டிருந்தான். குடும்பக் கதைதான்னு தைரியமா உள்ள போனேன்.

பத்தாவது நிமிஷம் அவன் அலறிட்டு எழுந்தான்.

"என்னவாம்?"

"கல்யாணம் நிச்சயமாயிருக்கு மாமா. அந்த சந்தோஷம்."

வெள்ளைக் கோட்டுக்காரங்க வந்து அவனைக் கட்டிலோட சேத்துக் கட்டினாங்க.

"மாப்ளைக்கு அவங்க ஊர்ச் சடங்கு"ன்னேன்.

அடுத்து ஒரு கெழவனை அவன் கழுத்தை நெரிச்சுக் கொன்னான். யாருன்னு மாமன் கேட்டாரு. வாய் தவறி, "பொண்ணோட தாய்மாமன்"னுட்டேன்.

மாமன் கொஞ்சம் தள்ளி உக்காந்தாரு.

செத்த கெழவன் அடுத்த சீன்ல காப்பி குடிச்சான்.

"இது அவரு தம்பி. ரெட்டைப் புள்ளைங்க."

அவனையும் கொன்னான். மறுபடியும் கெழவன் வந்தான்.

"மூணாமவனா?"

"ஆமா மாமா. பெரிய குடும்பம்."

பின்னாடி பெஞ்சுலேர்ந்து ஒருத்தர், "கொஞ்சம் சத்தமா சொல்லுப்பா"ன்னாரு. சொன்னேன்.

அந்தம்மா மட்டும் வெத்தலையை மென்னுகிட்டு படத்தையே பாத்தாங்க. பாவம், ஒண்ணும் புரியலன்னு நெனச்சேன்.

வெளிய வந்ததும் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. நீளமா பிரெஞ்சுல ஏதோ கேட்டாங்க. கடகடன்னு, மொதலாளி மாதிரியே.

பழக்க தோஷம், "உய், மதாம்"னேன்.

"என்னக்கா கேட்ட?"ன்னாரு மாமன்.

"இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் பொய்தானேன்னு கேட்டேன். ஆமாங்கறாரு."

மாமன் என் தோள்ல கை வச்சாரு. "அக்கா அத்தானோட பிரெஞ்சுக்காரன் ஆண்ட சைகோன்ல பதினோரு வருஷம் இருந்துது தம்பி. தரகர் சொல்லலையா?"

"படத்துல வந்த ஆளுக்குப் பைத்தியம் தம்பி"ன்னாங்க அந்தம்மா. "பாத்ததெல்லாம் கெட்ட கனவு. கெழவனும் ஒரே கெழவன்தான்."

பொண்ணு கைவிட்டுப் போச்சுன்னு கெளம்பப் பாத்தேன். அந்தம்மா வெத்தலையைத் துப்பிட்டு மாமன்கிட்டத் திரும்பினாங்க.

"கேட்ட ஒடனே பொய்யை ஒத்துக்கற ஆம்பளை எங்க கெடைப்பான்? தையில வச்சுக்கலாம்."

தயங்காம நான் உண்மை பேசினது அந்த ஒரு தடவைதான். அதுவும் கேள்வி புரியாததால.