குமிழி வந்தாப் போதும்

ஏண்டி, அவ்வளவு படிச்சவன் பொண்டாட்டிகிட்ட ஏமாறுவானான்னா கேக்கறே? படிச்சதனாலதாண்டி ஏமாந்தான். எம் புள்ளைய எனக்குத் தெரியாதா?

மக்காச்சோளத்துலேருந்து வண்டிக்கு ஊத்தற எத்தனால் எடுக்கற ஆலையில அவனுக்கு வேலை. நாள் முழுக்கக் கண்ணாடி வழியாக் குமிழியப் பாக்கணும். குமிழி வந்தா ஈஸ்ட்டு உசுரோட இருக்கு, மாவு புளிக்குதுன்னு அர்த்தம். அவ்வளவுதான் உத்தியோகம். ஊருக்கே காய்ச்சறோம், நம்ம மொபெட்டுக்குக் காய்ச்ச மாட்டோமான்னு ஒரு நாள் கெளம்பிட்டான். கோழிக்குன்னு மருமக வச்சிருந்த ஒரே மூட்டை சோளம். பதினோரு கோழி அதை வச்சு ரெண்டு மாசம் ஓட்டணும். ஒரு வார்த்தை கேக்காம அரைச்சு, வெந்நீரும் ஈஸ்ட்டும் கலந்து டிரம்முல கொட்டிட்டான். கேட்டதுக்கு, "கோழி தின்னா முட்டை, வண்டி குடிச்சா முன்னேற்றம்"னான்.

இவங்கப்பாவும் இப்படித்தான். கடிகாரத்தப் பிரிச்சு மாட்டினார், அஞ்சு திருகாணி மிச்சம். கடிகாரம் ஓடல, இவர் ஓடினார். சரி, அது கெடக்கட்டும்.

டிரம்மு மூடியிலேருந்து ஒரு குழாய், அதோட நுனி தண்ணி பாட்டிலுக்குள்ள. நாலு நாளைக்கு மூடியத் தொறக்கக் கூடாது, தொறந்தா காத்து பூந்து கெட்டுடும், குமிழியப் பாத்தாப் போதும்னு சட்டம் போட்டுட்டு ஷிப்டுக்குப் போனான்.

திரும்பி வந்தா பாட்டில்ல குபுகுபுன்னு குமிழி. அப்பறம் அவனுக்கு இருப்புக் கொள்ளல. ஒக்காருவான், எந்திரிப்பான், நிமிஷத்துக்கு எத்தனைன்னு எண்ணுவான். குளிக்கப் போனவன் சோப்பு நுரையோட ஓடி வந்து எட்டிப் பாப்பான். மூணாம் நாள் மத்தியானம் கரெண்டு போச்சு. பேன் நின்னுது, கூடவே குமிழியும் நின்னுது. ஆடிப் போயிட்டான். பாவம் அதுக்குப் புழுக்கம் தாங்கலன்னு டிரம்முக்கு அரைமணி நேரம் விசிறி வீசினான். கரெண்டு வந்துச்சு, குமிழியும் வந்துச்சு. "பாத்தியா, என் கைராசி"ன்னான். மருமக வாயப் பொத்திக்கிட்டு உள்ள ஓடிட்டா.

நாலாம் நாள் மூடியத் தொறந்தான். உள்ள பச்சத்தண்ணி. குழாயப் புடிச்சுக்கிட்டே போனா, அது மூடிக்கே போகல. டிரம்முக்குப் பின்னாடி பழைய மீன்தொட்டிக்குக் காத்து ஊதற மோட்டாருக்குல்ல போகுது! மாவு மொத்தமும் அவன் ஷிப்டுக்குப் போன அன்னிக்கே மொட்டைமாடி ஏறிக் காய்ஞ்சு, மூட்டைக்கே திரும்பியாச்சு. குமிழிய விட்டு நகர முடியாதவன் மாடிக்கு எங்க போறது?

"எங்கடி என் எத்தனால்?"

"குமிழியப் பாத்தாப் போதும்னீங்க. பாத்தீங்கல்ல? அந்தத் தண்ணியக் காய்ச்சுங்க, குளிக்கவாவது ஆகும்."

இன்னும் நம்பலையா நீ? இரு, அவனையே கூப்பிடறேன். டேய் தம்பி, கோழிக்கூண்டுலயே நின்னது போதும், அந்த முட்டைக் கூடைய உள்ள எடுத்துட்டு வாடா.