ராஜாவுக்கு முதுகு காட்டாத ஆன்டெனா

ஒரு காட்டில் ஒரு ட்ரோன் பறந்துகொண்டிருந்தது. அது எடுக்கும் படம் ஆலமரத்தடித் திரையில் காடு முழுக்கப் பார்க்கும்படி ஓடும். ட்ரோனை ஓட்டுகிற நிலையத்தைப் பாறை மேல் அமைத்தது தணிகாசலம் என்கிற கொக்கு. ஆன்டெனா வடிவமைப்பில் கெட்டி. ஒரே திசையைப் பார்த்து அசையாமல் நிற்பது அதற்குப் பரம்பரைத் தொழில்.

ஆன்டெனாவும் அப்படியே அமைந்தது. முகம் பார்க்கும் பக்கம் மலை தாண்டியும் சிக்னல் போகும். முதுகுப் பக்கம் பக்கத்து மரத்துக்குக்கூடப் போகாது.

"நாலு பக்கமும் பாக்கற மாதிரி செய்யக் கூடாதா?" என்றது மந்திரி நரி.

"செய்யலாம். எந்தப் பக்கமும் ரொம்ப தூரம் எட்டாது, மந்திரி சபை மாதிரி."

நரிக்குச் சுருக்கென்றது. சிங்கராஜாவுக்கு யாரும் முதுகு காட்டக் கூடாது என்பது அந்தக் காட்டுச் சட்டம். ராஜாவின் குகை இருந்தது மேற்கே. ஆன்டெனாவும் எந்நேரமும் மேற்கே பார்த்துதான் நிற்க வேண்டும் என்று நரி உத்தரவு போட்டது. அன்றிலிருந்து ராஜா தூங்குவது மட்டும் திரையில் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

ஒரு நாள் பெருமழை விட்ட காலையில் அஞ்சலை என்கிற மான் அலறிக்கொண்டு ஓடி வந்தது.

"அண்ணே, எம் புள்ள கிழக்குப் பள்ளத்துல எங்கயோ சிக்கிக்கிச்சு. அந்தப் பக்கம் திருப்புங்கண்ணே!"

"திருப்பினா தலை போயிடும்" என்றது நரி.

கொக்கு ஒற்றைக் காலில் நின்று யோசித்தது. பிறகு நரியிடம் குழைந்தது. "ஐயா, ராஜா கிழக்கே போய் வெள்ளச் சேதத்தைப் பார்வையிடலாமே? காலை வெயில்ல பிடரி என்னமா மின்னும்!"

ராஜா உடனே கிளம்பிவிட்டார். ஆன்டெனாவும் சட்டப்படி கிழக்கே திரும்பியது. ட்ரோன் பறந்தது. பள்ளத்துப் பாறை இடுக்கில் குட்டி நடுங்குவது நிலையத்துத் திரையில் தெரிந்தது. கொக்குக்குப் பெருமை தாங்கவில்லை. குட்டிக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று அப்புறம்தான் பார்த்தது. ராஜா இன்னும் காலைச் சாப்பாடு சாப்பிடவில்லை.

அஞ்சலை நிலையத்துப் பாறையிலிருந்து குதித்து ஓடியது.

ராஜா வாயைத் திறந்தார். தற்செயலாக மேலே பார்த்தார். ட்ரோனில் பச்சை விளக்கு எரிந்தது. காடே பார்க்கிறது! திறந்த வாய் முத்தமாக மாறியது. "கண்ணு, பயந்துட்டியாடா?"

காற்றில் ஆன்டெனா ஆடியது. படம் அறுந்து விளக்கு சிவப்பானது. வாய் மறுபடி திறந்தது. கொக்கு பாய்ந்து கம்பத்தை அலகால் கவ்வி நேராக்கியது. பச்சை. ராஜா குழந்தைகள் நலம் பற்றிப் பேச ஆரம்பித்தார். மறுபடி காற்று, மறுபடி சிவப்பு, மறுபடி வாய். கொக்குக்குக் கழுத்தே ஒடிந்துவிடும் போலிருந்தது. விடவில்லை.

அஞ்சலை பேச்சின் நடுவே புகுந்து குட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடியது. ராஜா கையசைத்து வழியனுப்பினார். ஆலமரத்தடியில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நீதி: ராஜாவின் கருணை சிக்னல் எட்டும் தூரம் வரைதான். ஆகவே ஆபத்தில் கையெடுத்துக் கும்பிடாதே. அந்தக் கையால் ஆன்டெனாவைப் பிடி.