சிரிப்பு படத்தில்தான் இருந்தது

மேனேஜரே, நம் கதைசொல்லி வியன்னாவைச் சயாமுக்கு அனுப்பியது நீங்கள்தான்.

மலாக்காவில் அவர் அளவுக்கு ஆஸ்திரியாவை அறிந்த மனிதர் கிடையாது. இத்தனைக்கும் அவர் பக்கத்து ஊரான தம்பினைத் தாண்டியதே இல்லை. ஜப்பான்காரன் வந்ததும் ஆங்கிலப் படங்கள் நின்றன. காஜா பெராங் வட்டாரத்தில் உங்கள் சினிமா கொட்டகையில் ஒரே ஜெர்மன் பேச்சுப் படம் திரும்பத் திரும்ப ஓடியது. வியன்னா நகரத்துத் திருடன் கதை. திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் கதை சொன்னவருக்கு அந்த ஊரே பட்டப்பெயர் ஆனது.

"ஜெர்மன்காரன் கதவை உடைச்சுத் திருடனைப் புடிப்பான். ஆஸ்திரியாக்காரன் கதவைத் தட்டி, 'மன்னிக்கணும், உங்களைக் கைது பண்ண வந்தேன்'னு சொல்லுவான். அப்புறம் கோப்பி குடிச்சிட்டு, வந்த வேலையை மறந்துட்டுப் போயிடுவான் லா!"

மரவள்ளிக்கிழங்கு தின்ற வயிறுகள் குலுங்கும். பின்வரிசையில் ஒருவர், "பொணம் கெடந்தா?" என்று கத்துவார்.

"கம்பளம் அழுக்காச்சேன்னு போலீசும் திருடனும் சேந்து வருத்தப்படுவாங்க அண்ணே. அவன் குணம் அப்படி. சாவு வந்தாலும் முனகுவான், அலறமாட்டான்."

தெருவிலும் அவர் ஆஸ்திரியர்தான். காவல் நிற்கும் ஜப்பான் சிப்பாய்க்குக் குனிந்துவிட்டு நாங்கள் ஓடுவோம். இவர் குனிந்து, தொப்பியைக் கழற்றி, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தார். அறை விழுந்தது. கன்னத்தைத் தடவிக்கொண்டே, "இவன் ஜெர்மன் ரகம் லா" என்றார்.

ஒருநாள் மாலைக் காட்சிக்கு ஜப்பான் அதிகாரி வந்தார். திரையில் இன்ஸ்பெக்டர் திருடனின் செருப்பை மாட்டிக்கொண்டு அவன் கட்டிலிலேயே தூங்கிவிட்டார். கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. அதிகாரி விளக்கைப் போடச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் உங்களைக் கேட்டார்: "போலீசைப் பாத்து ஏன் சிரிக்கிறாங்க?"

போருக்கு முன்பே அதே படத்தை, வசனத்துக்கு அடியில் ஆங்கில எழுத்துகளோடு ஓட்டியவர் நீங்கள். அதே இடத்தில் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்ததை, டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதிகாரியைத் 'துவான்' என்று பணிவாக அழைத்து நீங்கள் சொன்னது இது:

"இது கௌரவமான படம் துவான். சிரிப்பெல்லாம் இந்த ஆளு சேத்தது."

வியன்னா உங்களிடம் ஓடி வந்தார். "மேனேஜர் அண்ணே, படத்துலயே இருக்குன்னு சொல்லிடுங்கண்ணே."

நீங்கள் தலையைத் திருப்பிக்கொண்டீர்கள்.

அங்கேயே அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதைக்கு ஆள் ஏற்றிய லாரியில் அவரைப் பார்த்தேன். "நாளைக்கு யாருப்பா கதை சொல்லப் போறா?" என்றுதான் என்னிடம் கேட்டார். போர் முடிந்தும் அவர் திரும்பி வரவில்லை.

கூலிக்கு ஆசைப்பட்டுத் தானாகவே போனார் என்று இப்போது கோயில் கூட்டத்தில் பேசுகிறீர்களாம். அவர் குரல் இல்லாமல் எந்தப் படத்தையும் என்னால் இன்றுவரை முழுதாக உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. இந்தக் கடிதம் வரும் இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு, ஊரறியப் பதில் எழுதுங்கள்: அந்தச் சிரிப்பு படத்தில் இருந்ததா, இல்லையா?