தாணிலிருந்து பெயெர்செபா வரை, பெயின்ட் தனி

வாக்குத்தத்த தேசம் முழுவதும், தாணிலிருந்து பெயெர்செபா வரை, ஒரு நாள் மண்டப வாடகைக்கு விலை பேசி முடிந்தது. பெயின்ட் மட்டும் சபைக் கணக்கில்.

போர்டு எழுதும் பெயின்டருக்கு, மகள் கல்யாணத்துக்கு இதைவிட மலிவாக இடம் கிடைக்காது. தேவாலய மண்டபத்துச் சுவரில், பைபிளில் வரும் இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களின் எல்லைப் படத்தை வரைய வேண்டும். சபைச் செயலாளரும் பொருளாளர் அம்மாவும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் சனிக்கிழமை மண்டபம் இலவசம். போடாவிட்டால் முழு வாடகை. அதற்கு அவர் ஆறு மாதம் போர்டு எழுத வேண்டும். கல்யாணப் பத்திரிகையோ போன மாதமே ஊரெல்லாம் போய்விட்டது.

திங்கட்கிழமை செயலாளர் யோசுவா புத்தகத்தின் பதினைந்தாம் அதிகாரத்தைத் திறந்து வைத்து ஊர் ஊராகச் சொல்ல, பெயின்டர் யூதா கோத்திரத்துக்குச் சிவப்பு அடித்தார். கீழ்க்கோடியில் பெயெர்செபா. செயலாளர் திருப்தியாகப் போனார்.

செவ்வாய்க்கிழமை பொருளாளர் அம்மா பத்தொன்பதாம் அதிகாரத்தில் விரலை வைத்துக்கொண்டே வந்தார்.

"பெயெர்செபா சிமியோனோடது. எழுதியிருக்கு பாருங்க."

"பதினஞ்சுல யூதாவுக்குன்னு இருக்கேம்மா."

"அது அவர் படிச்ச பக்கம்."

பச்சை அடித்தார். புதன்கிழமை செயலாளர் பார்த்தார். ஏன் பச்சை என்று கேட்கவில்லை. "அந்தம்மாவா?" என்று மட்டும் கேட்டார். மறுபடி சிவப்பு.

கடைத்தெருவில் வளர்ந்தவர் பெயின்டர். ஒரே சரக்குக்கு இரண்டு பேர் நின்றால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியும். சிவப்பும் பச்சையுமாகக் கோடு போட்டு ஆளுக்குப் பாதியாக்கினார். பெயெர்செபா தர்பூசணிக் கீற்றுப் போல ஆனது.

அதோடு விட்டார்களா? கோடு போடலாம் என்று தெரிந்ததும், எருசலேம் பென்யமீன் பட்டியலில் இருக்கிறதென்று அம்மா மஞ்சள் கேட்டார். யூதா அங்கே குடியிருந்ததே என்று செயலாளர் அதிலும் சிவப்பு கேட்டார். போதாதென்று, வடக்கே எங்கோ கிடக்கும் நப்தலியின் எல்லை தெற்கே இருக்கும் யூதாவைத் தொடுவதாக ஒரு வசனத்தையும் தேடிப் பிடித்து வந்தார். தொட வைத்துத்தானே ஆக வேண்டும்? பெயின்டர் ஏணியைப் போட்டு, யோர்தான் ஆற்றோரமாகச் சிவப்பில் ஒரு நூலை மேலே இழுத்தார். வழியில் இருந்த கோத்திரங்களுக்கு ஆற்றில் கால் நனைக்க இடமில்லாமல் போனது. அவர்களுக்காக அவரே கொஞ்சம் வருத்தப்பட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாடு கொண்டுவந்த மனைவி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, இது படமா, இல்ல பிரஷ் துடைச்ச இடமா?"

சாயங்காலம் இருவரும் வந்தார்கள். பெயெர்செபாவுக்கு ஆளுக்கொரு பக்கமாக நின்றார்கள். கையெழுத்துப் பேச்சே இல்லை.

"நாளைக்கு எம் பொண்ணு கல்யாணம்," என்றார் பெயின்டர். "அந்த இஸ்ரவேல் ஜனங்களுக்கு வனாந்தரத்துல நாப்பது வருஷம் டைம் இருந்துச்சு. எனக்கு ஒரு ராத்திரிதான் இருக்கு."

அந்த நேரத்தில்தான், நாற்காலிகள் போதுமா என்று பார்க்க மாப்பிள்ளையின் அப்பா உள்ளே வந்தார். நில அளவை ஆபீஸில் குமாஸ்தா. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சுவரை விட்டுவிட்டு அந்த இருவரையும் பார்த்தார்.

"அட, நீங்க ரெண்டு பேருமா? இங்கயுமா?"

பொருளாளர் அம்மா அவசரமாகப் பேனா தேடினார். செயலாளர் தன் பேனாவையே நீட்டினார். கண் மூடித் திறப்பதற்குள் இரண்டு கையெழுத்தும் விழுந்தன. படம் அப்படியே இருக்கட்டும், பிரமாதம் என்று இருவரும் ஒரே வாயாகச் சொல்லிவிட்டு, ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியேறினார்கள்.

பெயின்டர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்தினார். வேதத்தில் சம்பந்திக்கு இவ்வளவு தேர்ச்சியா என்று மரியாதையோடு விசாரித்தார்.

"எனக்கு எங்க சம்பந்தி வேதம் தெரியும்? அவங்க ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவுல இருக்கிற சந்து ரெண்டு பத்திரத்திலயும் இருக்கு. பத்து வருஷமா ஃபைல் என் மேஜையில. ரெண்டையும் கூட்டினா தரையில இருக்கிறதைவிட நாலடி கூடுதலா வருது. அந்த நாலடி இன்னும் பாக்கி."